ரசிகையிடம் ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஐஸ் ஹாக்கி பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. தமிழ்ப் பத்திரிகையில் ஐஸ் ஹாக்கி வருவதே அபூர்வம், அதனால் பக்கத்தைத் திருப்பியதும் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. முதலில் அதற்கு நன்றி சொல்லிவிடுகிறேன். ஆனால் செய்தியோடு போட்டிருந்த படத்தைப் பார்த்ததும் மனது சுருங்கிவிட்டது. கூட்டத்தில் ஒரு பெண், கன்னத்தில் அணியின் வண்ணம், இரண்டு கைகளும் தலைமேல், வாய் பாதி திறந்திருக்கிறது. கீழே, ஆட்டத்தை விட அரங்குக்கு வந்த அழகிகள்தான் கண்ணைப் பறித்தார்கள் என்கிற மாதிரி ஒரு வரி.

அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். கேமராவுக்காக வைத்துக்கொண்ட முகம் இல்லை அது. பக், அதாவது இந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு, கோல் கம்பத்தில் டங்கென்று பட்டு வெளியே தெறிக்கும்போது தானாக வருகிற முகம். அவருக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், இரண்டு ஆண்களும் அதே மாதிரி தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், கவனித்தீர்களா? மூன்று பேரும் ஒரே நொடியில் ஒரே விஷயத்தைப் பார்த்துப் பதறியிருக்கிறார்கள். அந்த இருவரை ரசிகர்கள் என்று எழுதிவிட்டு, இவரை மட்டும் அழகி என்று எழுதிவிட்டீர்கள்.

ஒரு படத்துக்கு எழுதிய ஒரு வரிதானே, இதற்குப் போய் இவ்வளவு நீளமாக ஒரு கடிதமா என்று உங்களுக்குத் தோன்றலாம். பத்து வருஷத்துக்கும் மேலாக இந்த ஆட்டத்தைப் பார்த்துவருகிறேன், இத்தனை வருஷமும் யாராவது ஒருவர் இதே வரியை வேறு வேறு வார்த்தைகளில் என்னிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். அதனால் நீளமாகத்தான் எழுதப்போகிறேன். இடம் இல்லை என்று வெட்டிப் போட்டாலும் பரவாயில்லை, நீங்களாவது முழுதாகப் படியுங்கள்.

நான் ரசிகையான கதையைச் சொல்கிறேன். 2014 பிப்ரவரி, ரஷ்யாவின் சோச்சியில் குளிர்கால ஒலிம்பிக். டிவியில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது பெண்கள் ஐஸ் ஹாக்கி இறுதி ஆட்டம் கண்ணில் பட்டது. கனடாவும் அமெரிக்காவும். எனக்கு அப்போது ஒரு விதிகூடத் தெரியாது. அமெரிக்கா 2-0 என்று முன்னால் இருக்கிறது, ஆட்டம் முடிய நாலு நிமிஷம்கூட இல்லை, இவ்வளவுதான் புரிந்தது. சரி, முடிந்த கதை என்று மாற்றப் போன நேரத்தில் கனடா ஒரு கோல் போட்டது. அப்புறம் கனடா தன் கோல்கீப்பரையே வெளியே அழைத்துவிட்டு, அவருக்குப் பதிலாக இன்னொரு ஆட்டக்காரரைக் களத்தில் இறக்கியது. கோலைக் காலியாக விட்டுவிட்டு ஆடுகிறார்களே, இது என்ன துணிச்சல் என்று உட்கார்ந்துவிட்டேன். அமெரிக்க வீராங்கனை ஒருவர் தள்ளிவிட்ட பக், குறுக்கே யாருமே இல்லாமல், பனித்தளத்தில் வழுக்கிக்கொண்டே போய்க்கொண்டே போய் அந்தக் காலி கோலின் கம்பத்தில் பட்டு நின்றது. ஒரு விரல்கடை உள்ளே தள்ளிப் போயிருந்தால் தங்கம் அமெரிக்காவுக்கு. முடிய 55 நொடி இருக்கும்போது கனடாவின் மேரி ஃபிலிப் பூலான் சமன் செய்தார், ஓவர்டைமில் வெற்றி கோலையும் அவரே போட்டார், 3-2. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

அன்றைக்கு எனக்கு ஆஃப்சைடும் தெரியாது, ஐசிங்கும் தெரியாது, மூன்று பீரியட், ஒவ்வொன்றும் 20 நிமிஷம் என்பதைக்கூட அடுத்த நாள்தான் தெரிந்துகொண்டேன். ஆனாலும் அந்த ராத்திரியே நான் ரசிகைதான். இதை இப்போது தெளிவாகச் சொல்ல முடிகிறது. அப்போது சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் அதற்குப் பிறகு எனக்குத் தொடங்கியது எல்லாம் பரீட்சை.

வேலை செய்யும் இடத்தில் ஒருநாள் ஐஸ் ஹாக்கி பார்ப்பேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். எதிரே இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, எந்த அணி பிடிக்கும் என்பது இல்லை. ஆஃப்சைடு என்றால் என்ன, சொல்லுங்கள் பார்ப்போம். அதற்குள் நான் படித்திருந்தேன், சொன்னேன்: பக் எதிரணியின் நீலக்கோட்டைத் தாண்டுவதற்கு முன்னால், தாக்கப் போகிற அணியில் ஒருவருடைய இரண்டு ஸ்கேட்டும் அந்தக் கோட்டை முழுசாகத் தாண்டியிருந்தால் ஆஃப்சைடு, ஒரு கால் கோட்டில் தொட்டுக்கொண்டு இருந்தாலும் தப்பித்துவிடலாம். சரியான பதில்தான். அவர் அதோடு விடவில்லை. ஐசிங்? தன் பாதியிலிருந்தே, யாரும் தொடாமல், எதிரணியின் கோல்கோட்டைத் தாண்டிப் போகும்படி பக்கை அடித்துவிடுவது என்று சொன்னேன். 1994-இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் எத்தனை வருஷம் கழித்து ஸ்டான்லி கோப்பையை ஜெயித்தது? 54 வருஷம். இந்தக் கேள்விகளுக்கு முடிவே இல்லை, எனக்குத் தெரியாத ஒன்று வரும்வரை கேட்பதுதான் நோக்கம், அந்த ஒன்று வந்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நான் இன்னும் மறக்கவில்லை.

அதே மேஜையில் இன்னொரு ஆண் நண்பர் உட்கார்ந்திருந்தார். அவர் தனக்கு இந்த ஆட்டமே புரியவில்லை என்றார். அவருக்குக் காகிதத்தில் தளத்தை வரைந்து, நீலக்கோடு, நடுவில் சிவப்புக்கோடு எல்லாம் போட்டு, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார், என்னைக் கேள்வி கேட்ட இவரே. தெரியாத ஆணுக்குப் பாடம், தெரிந்த பெண்ணுக்குப் பரீட்சை. இதுதான் என் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அப்புறம் ஒரு முறை அரங்குக்கே நேரில் போய் ஆட்டம் பார்த்தேன், தம்பியோடு. பக்கத்து இருக்கைக்காரர் ஆட்டம் தொடங்கியதிலிருந்து எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார், நான் கேட்கவே இல்லை. ஒரு வீரரை ஐந்து நிமிஷம் களத்துக்கு வெளியே பெனால்டி பெட்டியில் உட்கார வைக்கும் மேஜர் பெனால்டி கொடுத்தார்கள். எதிரணி ஒரு கோல் போட்டால் இந்த ஆள் உடனே களத்துக்குத் திரும்பிவிடுவார், பாருங்கள் என்றார். இல்லைங்க, இரண்டு நிமிஷ மைனர் பெனால்டிக்குத்தான் அப்படி, மேஜர் என்றால் எத்தனை கோல் விழுந்தாலும் ஐந்து நிமிஷமும் உள்ளேயே இருக்கணும் என்றேன். அவர் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் கோல் விழுந்தது, அந்த வீரர் பெனால்டி பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. இவர் என்னைத் தாண்டிக் குனிந்து தம்பியிடம், "நல்லாத்தான் சொல்லிக்கொடுத்திருக்கீங்க" என்றார். தம்பி, "எனக்கு இந்த ஆட்டமே தெரியாதுங்க, அக்காதான் என்னைக் கூட்டிட்டு வந்தாங்க" என்றான். அப்போதும் அவர் என் பக்கம் திரும்பவில்லை.

ஒரு பெண் அரங்கில் உட்கார்ந்திருந்தால் அவளைக் கூட்டிவந்தது யார் என்று தேடுகிறார்கள். அண்ணனா, தம்பியா, காதலனா, கணவனா. தானாக வந்திருப்பாள் என்பது கடைசியாகத்தான் தோன்றுகிறது. அப்படித் தோன்றினாலும் உடனே இன்னொரு சந்தேகம், வீரர்களைப் பார்க்க வந்திருப்பாளோ? வட அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு வசைச்சொல் வைத்திருக்கிறார்கள், பக் பன்னி என்பார்கள், ஆட்டம் புரியாமல் வீரர்கள் பின்னால் அலையும் பெண் என்று அர்த்தம். இருபது வருஷமாகப் பருவம் தவறாமல் டிக்கெட் வாங்கும் பெண்ணையும் அந்த ஒரு வார்த்தையால் வாயடைக்க வைத்துவிடலாம். இதில் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு வீரர் பார்க்க நன்றாக இருக்கிறார் என்று ஒரு பெண்ணுக்குத் தோன்றினால் அதனால் அவள் ரசிப்பு பொய்யாகிவிடாது. ஒரு வீரருடைய நடையையும் உடையையும் தலைமுடியையும் பார்த்துப் பித்தான பையன்கள் எல்லா ஆட்டத்திலும் இருக்கிறார்கள், அவர்களை யாரும் சந்தேகப்படுவதில்லையே. நான் அப்படிப்பட்ட ரசிகை இல்லை, நான் உண்மையான ரசிகை என்று முன்பெல்லாம் அவசரமாகச் சொல்லிக்கொள்வேன். இப்போது சொல்வதில்லை. அப்படிச் சொல்லும்போது இன்னொரு பெண்ணைத் தள்ளிவிட்டு நான் உள்ளே நுழைகிறேன், அது தப்பு.

ஜெர்சி விஷயத்துக்கு வருகிறேன். பெண்களுக்கான ஜெர்சி என்று ரொம்ப காலமாக விற்றதில் பாதி இளஞ்சிவப்பில் இருக்கும், ஓரத்தில் மினுக்கு வேலை செய்திருக்கும், இடுப்பில் இறுக்கியிருக்கும். என் அணியின் நிறம் அது இல்லையே! அணியின் நிறத்தைப் போட்டுக்கொள்ளத்தானே ஜெர்சி. அதனால் ஆண்களுக்கானதில் சின்ன அளவு வாங்குவேன், தோள் தொங்கும், கை விரலை மூடும், இருந்தாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் நிம்மதியாக ஆட்டம் பார்ப்பேன். இளஞ்சிவப்பு பிடித்தவர்கள் தாராளமாகப் போடட்டும், வேறு எதுவுமே கிடைக்காமல் செய்ததுதான் என் வருத்தம். இந்த நிறத்துக்கு ஒரு பழைய கதையும் இருக்கிறது. 1990-இல் ஒட்டாவாவில் பெண்களுக்கான முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தபோது கனடா அணியைத் தன் வழக்கமான சிவப்பு வெள்ளையில் இறக்காமல், இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக உடுத்தி இறக்கினார்கள், கூட்டத்தை இழுக்க வேண்டும் என்று. கூட்டம் வந்தது, இறுதி ஆட்டத்துக்கு ஏறக்குறைய 9 ஆயிரம் பேர். அவர்கள் கண்முன்னால் அமெரிக்காவை 5-2 என்று கனடா வென்றது. அந்தப் போட்டியில் உடம்பால் இடித்துத் தடுக்கும் பாடி செக்கிங்கும் அனுமதிக்கப்பட்டிருந்தது, பிறகுதான் பெண்கள் ஆட்டத்திலிருந்து எடுத்தார்கள். அவ்வளவு முரட்டு ஆட்டம் ஆடினவர்களை நிறத்தை வைத்தா ஞாபகம் வைத்துக்கொள்வது?

பெண்கள் ஏதோ நேற்று இந்த ஆட்டத்துக்குள் வந்தவர்கள் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது, படித்தவர்களுக்கே இருக்கிறது. ஆண்கள் ஜெயித்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு வலம் வரும் அந்த ஸ்டான்லி கோப்பை இருக்கிறதே, அதைக் கொடுத்தவர் கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு, 1892-இல். அவர் வீட்டில் பிள்ளைகளும் ஹாக்கி ஆடினார்கள், மகள் இசபெல்லும் ஆடினார். கோப்பை வருவதற்கு முன்பே, 1890 வாக்கில் எடுத்த ஒரு படத்தில், ஒட்டாவாவில் கவர்னர் மாளிகையின் பனித்தளத்தில் நீண்ட பாவாடை உடுத்திய பெண்கள் கையில் ஸ்டிக்கோடு பக்கைத் துரத்துகிறார்கள், வெள்ளை உடையில் இருப்பவர் இசபெல். தங்கள் படத்துக்கு யாராவது என்ன தலைப்பு கொடுப்பார்கள் என்று அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

1950-களின் நடுவில் டொராண்டோவில் அப்பி ஹாஃப்மன் என்ற சிறுமி தலைமுடியை வெட்டிக்கொண்டு, பெயரை ஆப் என்று சுருக்கிக்கொண்டு, பையன்கள் அணியில் ஆடியிருக்கிறார். சிறந்த ஆட்டக்காரர்களின் அணிக்குத் தேர்ந்தெடுத்து, பிறப்புச் சான்றிதழைச் சரிபார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நன்றாக ஆடியதால்தான் மாட்டிக்கொண்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அவரே பிறகு ஓட்டப்பந்தய வீராங்கனையாக நான்கு ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். 1992-இல் மனோன் ரெயோம் டாம்பா பே அணிக்காகப் பருவத்துக்கு முந்தைய ஆட்டம் ஒன்றில் ஒரு பீரியட் கோல்கீப்பராக நின்றார், செயின்ட் லூயிஸ் அணி அடித்த 9 ஷாட்டில் 7-ஐத் தடுத்தார். வட அமெரிக்காவின் ஆண்கள் லீகான என்.எச்.எல். அணி ஒன்றுக்காகக் களமிறங்கிய முதல் பெண் அவர். விளம்பரத்துக்காகத்தான் இறக்கினார்கள் என்று அப்போதே பேசினார்கள், இருக்கட்டும், அந்த 7 ஷாட்டையும் விளம்பரமா தடுத்தது?

இவ்வளவு சொல்கிறேனே, இந்த ஆட்டத்தில் அப்படி எனக்கு என்ன பிடித்துப்போயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை, யாருமே கேட்டதில்லை, ஆனால் எனக்குச் சொல்ல ஆசை. எனக்கு ரொம்பப் பிடித்தது ஆள் மாற்றுவது. ஒருவர் களத்தில் முக்கால் நிமிஷம்தான் ஆடுவார், அதற்குள் உயிரைக் கொடுத்து ஆடிவிட்டு, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தடுப்புச் சுவருக்கு வந்து ஏறிக் குதிக்க, அவர் இடத்துக்கு இன்னொருவர் பாய்ந்து வருவார். நடுவர் விசில் ஊத வேண்டியதில்லை. டிவியில் கேமரா பக்கின் பின்னாலேயே போவதால் இதைப் பாதிதான் காட்டுவார்கள், நேரில் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எப்போது எழுந்து காலைச் சுவர்மேல் போடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த பத்து நொடியில் தாக்குதல் எந்தப் பக்கமிருந்து வரப்போகிறது என்று கொஞ்சம் ஊகிக்கலாம்.

அப்புறம் சத்தம். ஸ்கேட் பனியைக் கீறுகிற சத்தம், பக் கண்ணாடித் தடுப்பில் மோதும் சத்தம். அந்தப் பக் சின்ன ரப்பர் வட்டுதான், மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம், 170 கிராம் இருக்கும், துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்னால் உறைய வைத்திருப்பார்கள். அது பாய்ந்து வரும்போது அதன் குறுக்கே வேண்டுமென்றே விழுகிறார்களே, அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு கலங்கும். ஒருவர் பெனால்டி பெட்டியில் இருக்க, மீதி நான்கு பேர் ஐந்து பேரை இரண்டு நிமிஷம் சமாளிக்க வேண்டும், கோல் போடுவது அவர்கள் வேலையே இல்லை, தாக்குப்பிடித்தால் போதும். அந்த இரண்டு நிமிஷம் முடிந்ததும் அரங்கம் முழுவதும் எழுந்து கைதட்டும். கோலே விழாததற்கு இப்படிக் கைதட்டுவதை நான் முதலில் பார்த்தபோது இந்த ஆட்டத்தின் மேல் இருந்த ஆசை இரண்டு மடங்காயிற்று.

பெண்களின் தொழில்முறை லீகான பி.டபிள்யூ.எச்.எல். இந்த இரண்டு நிமிஷத்துக்கு ஒரு அருமையான விதி சேர்த்திருக்கிறது. ஆள் குறைந்து ஆடும் அணி அந்த நேரத்தில் கோல் போட்டுவிட்டால் பெட்டியில் இருப்பவருக்கு உடனே விடுதலை. தாக்குப்பிடித்தால் போதும் என்று இருந்தவர்கள் திடீரென்று பாய்கிறார்கள். ஆண்கள் லீகில் இந்த விதி இல்லை, வந்தால் நன்றாக இருக்கும்.

அந்த லீகின் முதல் ஆட்டம் 2024 ஜனவரி 1 அன்று டொராண்டோவில் நடந்தது. நியூயார்க் 4-0 என்று ஜெயித்தது, லீகின் முதல் கோலை எல்லா ஷெல்டன் என்ற வீராங்கனை போட்டார். பார்த்துக்கொண்டே அழுதேன். எந்த அணியும் என் அணி இல்லை, யார் ஜெயித்தாலும் எனக்கு ஒன்றுதான், ஆனாலும் அழுதேன். கண்ணாடிக்குப் பின்னால் சின்னப் பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து வந்த அழுகை அது. அதே வருஷம் ஏப்ரலில் மான்ட்ரியலின் பெல் சென்டரில் மான்ட்ரியலும் டொராண்டோவும் மோதியபோது வந்தவர்கள் 21,105 பேர், பெண்கள் ஹாக்கியில் அதுவரை எங்கும் அவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை. பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்று அத்தனை வருஷம் கேட்டவர்களுக்கு அந்த எண்ணைப் படித்துக் காட்டலாம். அந்த 21,105 பேரில் எத்தனை பெண்கள், எத்தனை ஆண்கள் என்று எனக்குக் கவலை இல்லை, எல்லோரும் ரசிகர்கள்.

அந்த இடத்துக்கு வர வீராங்கனைகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2017-இல் அமெரிக்கப் பெண்கள் அணி நியாயமான ஊதியம் இல்லையென்றால் சொந்த நாட்டில் நடக்கும் உலகச் சாம்பியன்ஷிப்பிலேயே ஆட மாட்டோம் என்று நின்றது, ஒப்பந்தம் போட வைத்தது, அப்புறம் இறங்கித் தங்கமும் வாங்கியது. 2019-இல் சான் ஹோசேயில் ஆண் நட்சத்திரங்களின் வேகப் போட்டியில் கெண்டல் கோய்ன் ஸ்கோஃபீல்ட் தளத்தை 14.346 நொடியில் சுற்றிவந்தார், ஆண் ஒருவரை அவர் முந்தவும் செய்தார். 2024-இல் சியாட்டில் கிராக்கன் அணியில் உதவிப் பயிற்சியாளராக ஜெசிகா காம்ப்பெல் சேர்ந்தார், என்.எச்.எல்-இல் முழுநேர உதவிப் பயிற்சியாளரான முதல் பெண். ஆட்டத்தைச் சொல்லிக்கொடுப்பதே ஒரு பெண் என்று ஆகிவிட்ட பிறகும் பார்க்க வந்த பெண்ணிடம் ஆஃப்சைடு கேட்கிறார்கள்.

கசப்பான ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். 2022-இல், கனடாவில் இந்த ஆட்டத்தை நிர்வகிக்கும் ஹாக்கி கனடா என்ற அமைப்பு பாலியல் வன்முறைப் புகார்களைப் பணம் கொடுத்துத் தீர்க்க ஒரு நிதி வைத்திருந்தது, அதில் பிள்ளைகள் ஹாக்கி ஆடப் பெற்றோர் கட்டிய பதிவுக் கட்டணமும் இருந்தது என்று வெளியே வந்தது. விளம்பரதாரர்கள் விலகினார்கள், அக்டோபரில் தலைமை நிர்வாகியும் வாரியத்தில் இருந்த எல்லோரும் பதவி விலகினார்கள். அந்த மாதங்களில் ஆட்டத்தைப் போட்டாலே மனது ஒட்டவில்லை. அப்போது பலர் என்னிடம் கேட்டார்கள், ஒரு பெண்ணாக இருந்துகொண்டு இதை எப்படிப் பார்க்கிறாய் என்று. நியாயமான கேள்விதான். ஆனால் ஏன் என்னிடம் மட்டும்? என் தம்பியிடமோ, நீலக்கோடு வரைந்து காட்டிய அந்த நண்பரிடமோ யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு ஆட்டத்தைப் பார்க்கிற எல்லோருக்கும் உண்டு. நான் ஆட்டத்தை விடவில்லை, வெளியே போனால் அந்த இடம் யாருக்குப் போகும் என்று யோசித்துப் பார்த்துத்தான் விடவில்லை. விட்டுப்போன பெண்களையும் எனக்குத் தெரியும், அவர்கள் செய்ததும் சரிதான்.

இனி எழுதப்போவது எனக்குச் சங்கடமான விஷயம், ஆனாலும் எழுதுகிறேன். போன வருஷம் தம்பி மகள், பன்னிரண்டு வயது, என்னோடு ஆட்டம் பார்க்க உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "அத்தை, இனிமே இந்த டீம்தான் என் டீம், இவங்க கோல்கீப்பர் ஹெல்மெட்ல வரைஞ்சிருக்கிற படம் எவ்ளோ நல்லா இருக்கு பாருங்க" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அதெல்லாம் இருக்கட்டும், முதலில் ஆஃப்சைடு என்னவென்று சொல்லு என்றேன். அவள் முகம் வாடியது. வாடிய அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. இத்தனை வருஷம் அந்தப் பரீட்சைகளுக்குப் பதில் படித்துப் படித்து, கடைசியில் நானே கேள்வித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் அந்த ஹெல்மெட்டிலிருந்தே கதை சொன்னேன். கோல்கீப்பர்கள் முகமூடியே இல்லாமல் நின்ற காலம் இருந்தது, 1959-இல் மான்ட்ரியலின் ஜாக் பிளான்ட் முகத்தில் பக் பட்டுக் கிழிந்து, தையல் போட்டுக்கொண்டு வந்து, முகமூடி இல்லாமல் இனி நிற்க மாட்டேன் என்று சொல்லி ஆடினார். பாஸ்டனின் ஜெர்ரி சீவர்ஸ் தன் முகமூடியில் பக் பட்ட இடத்திலெல்லாம் தையல் மாதிரி கோடு வரையச் செய்தார், முகமூடி இல்லையென்றால் இவ்வளவு தையல் முகத்தில் விழுந்திருக்கும் என்று காட்ட. முகமூடியில் படம் வரையும் வழக்கம் பரவியது அங்கிருந்துதான். அவள் கண் விரிய விரியக் கேட்டாள், அடுத்த பீரியட் முழுவதும் கோல்கீப்பரை மட்டுமே பார்த்தாள், மூன்றாவது பீரியடில் அவளாகவே, ஏன் அத்தை அந்தக் கோட்டுக்கிட்ட எல்லாரும் நின்னு நின்னு போறாங்க என்று கேட்டாள். நான் ஆஃப்சைடு சொல்லிக்கொடுத்தேன். இந்த வரிசையில்தான் அது வர வேண்டும். பிடித்துப்போவது முதலில், தெரிந்துகொள்வது பிறகு, எந்தப் பையனுக்கும் அப்படித்தானே வருகிறது.

ஐயா, உங்களிடம் எனக்குக் கோபம் இல்லை. அந்த வரியை எழுதியவருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது, பழக்கத்தில் எழுதியிருப்பார். கடிதம் எழுதுவதால் ஏதாவது மாறுமா என்று வீட்டில் கேட்டார்கள். 2011-இல் அமெரிக்காவில் 14 வயதுப் பெண் ஒருத்தி, ஐஸ் ஹாக்கி வீடியோ கேமில் தன்னைப் போல ஆடும் பெண் ஒருத்திகூட இல்லையே என்று அதைத் தயாரிக்கும் ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாள். அந்த வருஷ விளையாட்டிலேயே பெண் ஆட்டக்காரரை உருவாக்கிக்கொள்ளும் வசதியைச் சேர்த்தார்கள், அதற்கு அவளுடைய முகத்தையே மாதிரியாக வைத்தார்கள். 2022-இல் அதே விளையாட்டின் அட்டையில் கனடா வீராங்கனை சாரா நர்ஸ் இடம்பெற்றார். அதனால் நானும் எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆண்கள் ஆட்டத்தின் முடிவைப் போடும்போது பெண்கள் ஆட்டத்தின் முடிவையும் ஒரு வரி போடுங்கள். லடாக்கில் உறைந்த குளங்களில் பழகிய பெண்கள் இந்திய அணியாக 2016-இல் முதன்முதலில் சர்வதேசப் போட்டிக்குப் போனார்கள், அடுத்த வருஷமே பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றார்கள், 2025-இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார்கள். அவர்கள் ஆட்டத்தைப் பற்றி, அவர்கள் கோல்கீப்பரைப் பற்றி, யார் கோல் போட்டார் என்பதைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது. பனியும் மலையும் மட்டும் எழுதாமல் ஆட்டத்தையும் எழுதுங்கள்.

அப்புறம் அடுத்த முறை அரங்கில் ஒரு ரசிகையைப் படம் பிடித்தால், உங்கள் நிருபர் அவரிடம் போய் ஒரு கேள்வி கேட்கட்டும். பரீட்சைக் கேள்வி வேண்டாம். இப்போது என்ன நடந்தது, ஏன் தலையில் கை வைத்தீர்கள் என்று கேட்கட்டும். அவர் மூச்சு விடாமல் சொல்வார், எழுதிக்கொள்ள உங்கள் நிருபருக்குக் கை வலிக்கும். போன ஞாயிற்றுக்கிழமை படத்தை நான் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன், கீழே இருந்த வரியை மட்டும் நீக்கிவிட்டு. அந்த நொடியில் பக் எங்கே போனது, கம்பத்தில் பட்டதா, கோல்கீப்பரின் காலில் பட்டதா, உங்கள் புகைப்படக்காரருக்கு ஞாபகம் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஐஸ் ஹாக்கி ரசிகை